இருபதுக்கு மூணு

கொடி தழைத்துத் தொங்குகிற திராட்சைப் பந்தலுக்குள் யார் நடந்து வந்தாலும் முதலில் கால்தான் தெரியும். அன்றைக்கும் ஒச்சாண்டிக்கு முதலில் தெரிந்தது ரெண்டு சின்னக் கால்கள், முழங்காலில் மோதி மோதி வந்த ஒரு புத்தகப்பை, பள்ளிக்கூடத்து நீலப் பாவாடை. மணி பதினொண்ணு கூட ஆகியிருக்காது. கொடி வெட்டுகிற கவாத்துக் கத்தரியைக் கம்பியில் மாட்டிவிட்டுக் குனிந்து பார்த்தான். மகள் யுவராணிதான்.

"என்னாத்தா, லீவு விட்டுட்டாகளா?"

"இல்லப்பா."

"பெறகு?"

"என்னைய நீக்கிட்டாக."

சொல்லிவிட்டு அவள் அழவில்லை. வெட்டிப் போட்ட கொடிக் குச்சிகளின் மேல் பையை வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒச்சாண்டிக்குத் தலையும் புரியவில்லை காலும் புரியவில்லை. பொழுதுக்கும் அண்ணாந்து வெட்டுகிறவனுக்குக் கழுத்தைக் கீழே இறக்கியதும் கண் கொஞ்சம் இருட்டிக்கொண்டு வரும். அந்த இருட்டல் என்றுதான் முதலில் நினைத்தான்.

"யாரு நீக்குனது? என்ன பண்ணித் தொலைச்ச?"

"நான் ஒண்ணும் பண்ணலப்பா. அந்த மதுரை மேடம்தான் டீச்சர்ட்டச் சொன்னாக. 'யுவராணி பேரை நீக்கிருவோம், இல்லாட்டி சரியா வராது'ன்னு. நான் சாக்பீஸ் எடுக்கப் போனேன்ல, அப்பக் கேட்டேன்."

"டீச்சர் என்ன சொன்னாக?"

"சரின்னுட்டாக."

பக்கத்து வரிசையில் பஞ்சம்மாள் மற்றப் பெண்களோடு கொடி கட்டிக்கொண்டிருந்தாள். சேதி அவள் காதுக்குப் போக வெகுநேரம் ஆகவில்லை. இடுப்பில் சொருகிய சணலோடு ஓடி வந்தாள்.

"போன மாசந்தான ஊரைக் கூட்டிவச்சுக் கை தட்டுனாக! இன்னைக்கு நீக்கிட்டாகன்னா என்ன அர்த்தம்? போயிக் கேளுங்க."

"கேக்கலாம் இரு."

"எப்பக் கேப்பீக?"

ஒச்சாண்டி கத்தரியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டான். மூணாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைத் தலைமுழுகியவன் அவன். எந்தக் கொடியில் எத்தனை கணு விட்டு வெட்டினால் எத்தனை கொத்து பிடிக்கும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவான். ராயப்பன்பட்டியில் இருந்து சின்னமனூர் வரைக்கும் தோட்டக்காரர்கள் ஆள் விட்டுக் கூப்பிடுகிற கை. ஆனால் அந்த நொச்சிப்பட்டி நடுநிலைப் பள்ளியின் வாசலில் நின்றால் மட்டும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியாது.

போன மாசம் பஞ்சம்மாள் சொன்ன அந்தக் கைதட்டலுக்குப் போனபோதும் அப்படித்தான் நின்றான். ரெண்டாயிரத்து எட்டாம் வருசம் அது. பள்ளிக்கூடத்துக்கு அப்போதுதான் ஆறு கம்ப்யூட்டர் வந்து இறங்கியிருந்தது. அதன் பின்னாலேயே மதுரையில் இருந்து வேல்விழி என்று ஒரு பெண் வந்தாள். இருபத்தேழு இருபத்தெட்டு வயசிருக்கும். சின்னமனூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொண்டு தினமும் பஸ்ஸில் வந்து போனாள். கம்ப்யூட்டரில் விளையாடினால் பிள்ளைகளுக்குக் கணக்கு வருகிறதா இல்லையா என்று அளந்து பார்க்க வந்திருக்கிறாள், அதை வைத்துத்தான் அவள் டாக்டர் பட்டம் வாங்கப்போகிறாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எந்த ஆஸ்பத்திரியில் இருக்கப்போகிறாள் என்று பஞ்சம்மாள் கேட்டதற்கு யாருக்கும் பதில் தெரியவில்லை.

ஆறாம் வகுப்பில் ரெண்டு பிரிவு. 'அ' பிரிவுக்கு நாலு வாரம் கம்ப்யூட்டர் விளையாட்டு. 'ஆ' பிரிவுக்கு வழக்கம்போலக் கரும்பலகை. முதலில் ரெண்டு பிரிவுக்கும் ஒரு பரீட்சை, நாலு வாரம் கழித்து மறுபடியும் ஒரு பரீட்சை. யார் எவ்வளவு ஏறியிருக்கிறார்கள் என்று பார்ப்பது. அவ்வளவுதான்.

விளையாட்டை ஒச்சாண்டி அன்றைக்குத் தன் கண்ணால் பார்த்தான். திரையில் ஒரு மிட்டாய்க் கடை. ஆட்கள் வரிசையாக வந்து, மூணில் ரெண்டு பங்கு கொடு, அஞ்சில் மூணு பங்கு கொடு என்று கேட்பார்கள். நீளமான கடலைமிட்டாய்ப் பாளத்தின் மேல் கத்தியை நகர்த்திக்கொண்டு போய்ச் சரியான இடத்தில் வெட்ட வேண்டும். தப்பாக வெட்டினால் குரங்கு வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். மற்றப் பிள்ளைகள் குரங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, யுவராணி சரக் சரக்கென்று வெட்டித் தள்ளினாள். ஒரு குரங்கு கூட வரவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். 'நம்ம கைதான் அவளுக்கும் வந்திருக்கு' என்று ஒச்சாண்டி நினைத்துக்கொண்டான். வாய் விட்டுச் சொல்லவில்லை.

அந்தப் பிள்ளையைத்தான் இன்றைக்கு நீக்கிவிட்டார்கள்.

அன்று பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்ததும் பஞ்சம்மாள் கேப்பைக் களியை உருட்டி வட்டிலில் வைத்தாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். குழம்பை ஊற்றின வேகத்திலேயே அவள் கோபம் தெரிந்தது.

"நீங்க போகலைன்னா நான் போறேன். டீச்சர் சேலையைப் புடிச்சு உலுக்கிட்டு வாரேன்."

"ஞானபாக்கியம் டீச்சர் நல்ல மனுசி. அவுகளை எதுக்கு உலுக்கணும்?"

"நல்ல மனுசி சரின்னு சொல்லுவாகளா?" என்றவள் மகளைப் பார்த்தாள். "ஏத்தா, கடைசிப் பரீட்சையில எம்புட்டு வாங்குன?"

யுவராணி களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்தபடியே சொன்னாள். "மூணு."

"எத்தனைக்கு?"

"இருபதுக்கு."

"மொதப் பரீட்சையில?"

"நாலு."

ஒச்சாண்டி வட்டிலில் வைத்த கையை எடுத்தான். நாலு வாரம் விளையாடி, எல்லாரையும் ஜெயித்து, கை தட்டு வாங்கினவளுக்கு நாலு மார்க் மூணாகக் குறைந்திருக்கிறது. வளர வேண்டியது எப்படிக் குறையும்? கம்ப்யூட்டரில் இருந்து வருகிற வெளிச்சம் தலைக்கு ஆகாது என்று பஸ்ஸில் ஒருத்தர் சொன்னது நினைப்புக்கு வந்தது. பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். சூடு ஒன்றும் இல்லை.

"மத்ததுக எம்புட்டு?" என்றாள் பஞ்சம்மாள்.

"எல்லாம் பதினாலு, பதினஞ்சு, பதினாறு."

பஞ்சம்மாள் குழம்புச் சட்டியை இழுத்து மூடினாள்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் யுவராணி தோட்டத்துக்கே வந்தாள். வெட்டி விழுந்த குச்சிகளைப் பொறுக்கிக் கட்டுக் கட்டினாள். கம்பம் பள்ளத்தாக்கில் வருசம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும், ஏதாவது ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும். பிள்ளைக்கு வேலைக்குக் குறைச்சல் இல்லை. தோட்டக்காரர் வந்து பார்த்துவிட்டு, "ஏலே ஒச்சாண்டி, பிள்ளை சுறுசுறுப்பா இருக்காளே, இங்கனயே இருக்கட்டும்" என்றார். அவர் நல்லதாகத்தான் சொன்னார். ஒச்சாண்டி மகள் கையில் இருந்த குச்சிக் கட்டை வாங்கித் தன் பக்கம் போட்டுக்கொண்டான்.

சனிக்கிழமை மேகமலைப் பக்கம் இருந்து மேகம் இறங்கிக் காற்று ஈரமாக அடித்தது. மழை வருவதற்குள் வரிசையை முடித்துவிட வேண்டும் என்று வேகமாக வெட்டிக்கொண்டிருந்தான். யுவராணி கீழே நின்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிப்பா பார்க்காமயே வெட்டுற?"

"பார்க்காம எங்க வெட்டுறேன்? கணுவை எண்ணித்தான் வெட்டுறேன். நாலு விட்டு அஞ்சாவதுக்குக் கீழ." சொல்லிவிட்டு நிறுத்தினான். "நீ எப்படித்தா வெட்டுன, அந்த மிட்டாயை? அம்புட்டு சடுதியா?"

"அதுவா? கத்தியை மெதுவா நகத்திக்கிட்டே போகணும்ப்பா. சரியான எடம் வந்ததும் கத்தி நுனி லேசா மினுங்கும். ஒடனே அமுக்கிறணும்."

"மினுங்குமா?"

"கொஞ்சூண்டு. உத்துப் பார்த்தாத்தான் தெரியும். நான் ரெண்டாம் நாளே கண்டுபிடிச்சுட்டேன். யார்ட்டயும் சொல்லல."

ஒச்சாண்டி கத்தரியைக் கம்பியில் மாட்டினான். கீழே கிடந்த நீளமான குச்சி ஒன்றை எடுத்து அவள் முன்னால் நீட்டினான்.

"இதுல மூணுல ரெண்டு பங்கு எங்கன வரும், தொட்டுக் காட்டு."

அவள் குச்சியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். விரலை நடுமையத்தில் வைத்தாள். அவன் முகத்தைப் பார்த்து விரலை இந்தப் பக்கம் கொஞ்சம் நகர்த்தினாள், அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்த்தினாள். எங்கேயாவது மினுங்குமா என்று அவன் கண்ணையே பார்த்தாள்.

"சரி விடு," என்றான். "அப்ப மத்ததுக எப்படி எழுதுச்சுக? அதுகளுக்கும் மினுங்குச்சா?"

"அதுகளுக்கு மினுங்குறது தெரியாதுப்பா. பரீட்சைக்கு முன்னாடி ரெண்டு நாள் டீச்சர் மொதப் பரீட்சைக் கேள்வியை எல்லாம் போர்டுல போட்டுச் சொல்லிக்குடுத்தாகளாம். அதே இருபது கேள்விதான் வந்துச்சாம். நான் அப்ப இங்கன பழம் பறிக்க வந்துட்டேன்ல. நீதானப்பா ஆள் பத்தலைன்னு கூப்பிட்ட."

மழை சடசடவென்று பந்தல் இலைகளின் மேல் விழுந்தது. பெண்கள் எல்லாம் மோட்டார் ரூமுக்கு ஓடினார்கள். ஒச்சாண்டி நின்ற இடத்திலேயே நின்றான்.

அன்று முழுக்கப் பஞ்சம்மாளுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கப் பார்த்தான். அவனுக்கே பாதிதான் புரிந்திருந்தது. அவள் கேட்டுவிட்டு ஒரே ஒரு விசயத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப இவளுக்குப் பங்கு பிரிக்கத் தெரியலை. அதான?"

"அதுதான்னு இல்ல…"

"அதான். பதினோரு வயசுப் பொட்டப்பிள்ளைக்குச் சோறு பங்கு வைக்கத் தெரியலைன்னா நாளைக்கு எவன் சிரிக்க மாட்டான்?" என்றவள் அடுப்படிக்குப் போய்க் களிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மகள் முன்னால் வைத்தாள். "இந்தா. மூணு பேரு. அப்பாவுக்கு ரெண்டு பங்கு, உனக்கும் எனக்கும் ஒவ்வொண்ணு. மொத்தம் எத்தனை பங்கா வெட்டணும்? வெட்டு."

திங்கட்கிழமை காலையில் ஒச்சாண்டி துவைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனான். கொடிக்கு மருந்தடிக்க மயில்துத்தம் கலக்கிக் கலக்கி நீலம் பாய்ந்த விரல்களை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. கம்ப்யூட்டர் அறையில் ஞானபாக்கியம் டீச்சரும் வேல்விழியும் இருந்தார்கள். யுவராணியைப் பார்த்ததும் டீச்சர் எழுந்தே விட்டார்.

"எங்கடி போன நாலு நாளா? காய்ச்சலா?"

"அவளைத்தான் நீக்கிட்டீகளே டீச்சர்," என்றான் ஒச்சாண்டி.

"நீக்குனோமா? யாரு?"

வேல்விழிதான் முதலில் புரிந்துகொண்டாள். கையில் இருந்த ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "அய்யோ அண்ணே! ஸ்கூல்ல இருந்து இல்ல. என் கணக்குல இருந்து. என்னோட ஆராய்ச்சிக் கணக்குல இருந்து மட்டும்தான்."

"கணக்குல இல்லாத பிள்ளை எப்படித் தாயி பள்ளிக்கூடத்துல இருக்கும்?"

"இல்லண்ணே… இப்பப் பாருங்க. முப்பத்திரண்டு பிள்ளைங்க விளையாடுனாங்க. முப்பத்தோரு பேருக்கு மார்க் நல்லா ஏறியிருக்கு. ஒருத்திக்கு மட்டும் இறங்கியிருக்கு. அந்த ஒண்ணையும் சேர்த்தா மொத்தக் கணக்கும் ஒரு மாதிரி இழுக்குது. அவளுக்கு அன்னைக்கு உடம்புக்கு முடியாம இருந்திருக்கலாம். அதனால அந்த ஒரு தாளை மட்டும் எடுத்துருன்னு மதுரையில எங்க காலேஜ் சார் சொன்னாரு. வழக்கமா அப்படிச் செய்றதுதான்."

ஒச்சாண்டி யோசித்தான். "பழப்பொட்டியில அழுகலைப் பொறுக்கி எறியிற மாதிரியா?"

வேல்விழி கையில் இருந்த ஃபைலைக் குனிந்து பார்த்தாள்.

அவன் குறை சொல்ல வரவில்லை. வந்த விசயம், பிள்ளையை மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொல்வது மட்டும்தான். ஆனால் அவளுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை என்பதையாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. எனவே தோட்டத்தில் கேட்டதை எல்லாம் கேட்ட வரிசையிலேயே சொன்னான். கத்தி நுனி மினுங்குவது, அவள் பழம் பறிக்கப் போன ரெண்டு நாள், டீச்சர் போர்டில் போட்டுக் கொடுத்த இருபது கேள்வி. சொல்லச் சொல்ல, எதிரில் இருந்த ரெண்டு பேர் முகமும் மாறுவதைக் கண்டான். எங்கே தப்பாகச் சொன்னோம் என்று தெரியாமல் பாதியில் நிறுத்தினான்.

வேல்விழி போய்க் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். விளையாட்டைத் திறந்து கத்தியை மெல்ல நகர்த்தினாள். மறுபடி நகர்த்தினாள். மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

"ஆமா," என்றாள். "முதல் நாளைக்கு மட்டும் இருக்கட்டும்னு வச்ச உதவி இது. விளையாட்டைச் செஞ்சவங்க அப்புறம் எடுக்காமயே விட்டிருக்காங்க. நாலு வாரமா நான் பிள்ளைங்க பின்னாடியே நின்னிருக்கேன். எனக்குத் தெரியலை."

பிறகு டீச்சர் பக்கம் திரும்பினாள். "டீச்சர், அதே கேள்வியையா சொல்லிக்குடுத்தீங்க?"

ஞானபாக்கியம் டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. ராயப்பன்பட்டியில் இருந்து வருகிறவர். இருபது வருசம் வாத்தியார் வேலை. குரல் உயர்த்திப் பேசி ஒச்சாண்டி கேட்டதில்லை. இப்போதும் உயரவில்லை, நடுங்கியது.

"மொதப் பரீட்சையில நாலும் அஞ்சும் வாங்குனதுக. எனக்கு அசிங்கமா இருந்துச்சு. ஆபீஸ்ல இருந்தெல்லாம் வந்து பார்ப்பாகன்னாக. அந்தப் பரீட்சைத் தாள்ல ஒண்ணை எடுத்து வச்சிருந்தேன். சொல்லிக்குடுத்தேன். தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்குடுக்கத்தானம்மா என்னைய இங்க போட்டிருக்கு? நான் என்ன பாவம் பண்ணுனேன்?"

"பாவம்னு சொல்லல டீச்சர்."

"பெறகு ஏம்மா அப்படிப் பார்க்குற?"

"நான் அளந்தது விளையாட்டையா, உங்களையான்னு எனக்கு இப்பத் தெரியலை. 'அ' பிரிவு 'ஆ' பிரிவைவிட நல்லா ஏறியிருக்குன்னு மதுரைக்கு எழுதிப் போட்டாச்சு. இந்த முப்பத்திரண்டு தாள்ல நிசமான தாள் ஒண்ணுதான் இருக்கு போல." அவள் யுவராணியைப் பார்த்தாள். "அதைத்தான் நான் நீக்கினேன்."

டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். வேல்விழியின் கண்ணும் கலங்கி இருந்தது. ரெண்டு படித்த பெண்களை அழவைத்துவிட்டோமே என்று ஒச்சாண்டிக்கு வெட்கமாக இருந்தது. "எம்மகளைச் சேர்த்துக்கிட்டாப் போதும் தாயி, வேற ஒண்ணும் வேணாம்" என்று ரெண்டு மூணு தடவை சொன்னான். யாரும் அவனைக் கவனிக்கவில்லை. யுவராணி அதற்குள் வகுப்புக்கு ஓடிவிட்டிருந்தாள்.

வேல்விழி மூணு நாள் வரவில்லை. ஊருக்கே திரும்பிவிட்டாள், இனி வரமாட்டாள் என்று பேச்சாக இருந்தது. நாலாம் நாள் அதே பஸ்ஸில் வந்து இறங்கினாள். முகம் வாடியிருந்தது. கத்தி மினுங்காத விளையாட்டைக் கொண்டுவந்திருந்தாள். கேள்வித்தாளும் புதுசு. அதை அவள் டீச்சரிடம் கொடுக்கவில்லை. டீச்சரே, "என்ட்டக் குடுக்காத தாயி, நீயே வச்சுக்க" என்று சொல்லிவிட்டாராம். யுவராணி இதை எல்லாம் வந்து வீட்டில் சொன்னாள். குரங்கு இப்போது அவளிடமும் வருகிறதாம். ஒரே நாளில் ஒன்பது மிட்டாயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். முன்னைப் போல ஒருத்தரும் பின்னால் நின்று பார்ப்பதில்லையாம்.

வீட்டில் பஞ்சம்மாள் அடுப்படியை விடவில்லை. களி, கப்பைக்கிழங்கு, தோட்டக்காரர் வீட்டில் கொடுத்த அரை முறுக்குப் பாக்கெட்டு, எது வந்தாலும் யுவராணிதான் பங்கு வைக்க வேண்டும். தப்பாக வைத்தால் குறைந்த பங்கு அவளுக்கு. ரெண்டு நாள் பிள்ளை அரை வயிற்றோடு எழுந்தது. ஒச்சாண்டி தன் வட்டிலில் இருந்து எடுத்துக் கொடுக்கப் போனால், "நீங்க குறுக்க வராதீக" என்று கையைத் தட்டிவிட்டாள்.

பத்து நாள் கழித்துப் புதுத் தாளில் பரீட்சை நடந்தது. அடுத்த நாள் வேல்விழி ஒச்சாண்டியை வரச்சொல்லி ஆள் விட்டிருந்தாள். கவாத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினான். மறுபடி நீக்கம்தான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனான்.

வராந்தாவில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தாள். அவனையும் உட்காரச் சொன்னாள். அவன் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"மத்தப் பிள்ளைங்க எல்லாம் இறங்கிட்டாங்கண்ணே. பதினஞ்சு வாங்குனவங்க ஆறு, ஏழு. ஒண்ணு ரெண்டு பேரு எட்டு."

"அச்சச்சோ."

"யுவராணி ஆறு."

ஒச்சாண்டி விரலை மடக்கிப் பார்த்தான். "மூணுல இருந்து ஆறு."

"ஆமா. ரெண்டு மடங்கு. அவ மட்டும்தான் ஏறியிருக்கா." ஃபைலைத் திறந்து பேனாவை எடுத்தாள். "அதான் உங்களக் கூப்பிட்டேன். இந்தப் பத்து நாள்ல வீட்ல அவளுக்கு யாராவது பின்னம், பங்கு இந்த மாதிரி ஏதாச்சும் சொல்லிக்குடுத்தாங்களா? ட்யூசன் எதுவும்?"

ஒச்சாண்டி பேனா நுனியைப் பார்த்தான். ஆமாம் என்று சொன்னால் என்ன ஆகும்? டீச்சர் சொல்லிக்கொடுத்ததற்குத்தானே அந்த முப்பத்தோரு தாளும் வீணாகப் போயிற்று? பஞ்சம்மாள் சொல்லிக்கொடுத்தாள் என்று சொன்னால் இந்த ஆறும் போய்விடும். பேரும் போய்விடும். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். இந்தப் பெண்ணுக்கும் அதுதான் வேண்டும் போல இருக்கிறது. அவள் பேனாவைப் பிடித்திருந்த பிடியிலேயே அது தெரிந்தது. வராந்தாவுக்கு வெளியே பிள்ளைகள் கூச்சல் போட்டன. அதில் எது தன் மகளின் குரல் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"அவ ஆத்தா," என்றான்.

"ம்?"

"அவ ஆத்தா களியைப் பங்கு வைக்கச் சொல்லுவா. தெனமும். தப்பா வச்சாக் கொறச்சுப் போடுவா."

வேல்விழி அவனையே பார்த்தாள். பேனாவை மூடி வைத்தாள். திடீரென்று சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று ஒச்சாண்டிக்குப் பிடிபடவில்லை.

"எடுத்துருவீகளா தாயி? பேரை?"

"இல்லண்ணே. எடுக்க மாட்டேன். நடந்ததை நடந்த மாதிரி எழுதப்போறேன். எங்க சார் என்ன சொல்லுவாருன்னு தெரியலை. ஒத்துக்குவாங்களான்னும் தெரியலை."

"அப்ப விளையாட்டுல கணக்கு வருதா, வரலையா?"

"தெரியலைண்ணே," என்றாள். அப்புறம் பேனாவைத் திறந்து, தாளின் ஓரத்தில் இடம் தேடி, சின்ன எழுத்தில் எழுத ஆரம்பித்தாள். "அவங்கம்மா பேரு என்ன?"

அவன் திரும்பி வந்தபோது பஞ்சம்மாள் பீப்பாயில் சுண்ணாம்பையும் துத்தத்தையும் கலக்கிக்கொண்டிருந்தாள். கம்பை நிறுத்தாமலே கேட்டாள்.

"என்னவாம்?"

"ஆறு மார்க்காம்."

"நல்லதா கெட்டதா?"

"அந்த மதுரைப் பிள்ளைக்கே தெரியலையாம். ஆனா பேரை எடுக்கலை." கொஞ்சம் தயங்கினான். "ஓம் பேரையும் எழுதிருக்காக."

கம்பு நின்றது. "எம்பேரையா? எதுல?"

"அந்தத் தாள்ல. மதுரைக்குப் போற தாள்ல."

"நான் என்ன பண்ணுனேன்? எதுக்கு எழுதணும்? வேணாம்னு சொல்லிட்டு வர வேண்டியதுதான? நாளைக்கு ஏதாச்சும் கேட்டு வந்தாகன்னா?"

"நீ களியைப் பங்கு வைக்கச் சொல்லிக்குடுத்ததுக்கு எழுதுனாக."

பஞ்சம்மாள் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். கேலி செய்கிறானோ என்று பார்த்தாள். பீப்பாய்க்குள் நீலம் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

"எப்படி எழுதுனாக?" என்றாள் தணிந்த குரலில். "பஞ்சுன்னா?"

"பஞ்சம்மாள்னு. முழுசா."

அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, கம்பை ரெண்டு கையாலும் பிடித்து, மறுபடி கலக்க ஆரம்பித்தாள்.